பெயிண்ட் அடித்த சுவரில் மறுபடியும் பூசணம்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

கேள்வி: ஐயா, பொள்ளாச்சியில் தென்னை நார்ப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு வாடகைக் கட்டடத்தின் மேல்தளத்தில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. நாற்பது பேர் வேலை செய்கிறோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்ட் அடிக்கிறோம். ஆடி பிறந்ததும் மேற்குச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடுகின்றன. அந்தச் சுவரை ஒட்டிய மீட்டிங் அறையில் சில ஆண்டுகளுக்கு முன் வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். இப்போது அதன் ஓரங்கள் எழும்பி நிற்கின்றன. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது. ஏசியை 18-ல் வைத்திருப்போம். மாலையில் அதை நிறுத்தியதும், காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். துப்புரவுப் பணி செய்யும் அம்மா பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கிறார். பத்து நாளில் புள்ளிகள் திரும்பி வந்துவிடுகின்றன. காற்றைப் பரிசோதித்து மருந்து அடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. கட்டட உரிமையாளரோ, “உள்ளே நடப்பதற்கு நான் பொறுப்பில்லை” என்கிறார். கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு வீசிங் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் மேசையை நாளைக் காலையிலேயே மேற்குச் சுவரை விட்டு நகர்த்திவிடுங்கள். மீட்டிங் அறையில் அவர் உட்கார வேண்டிய வேலை இருந்தால் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்தப் பரிசோதனை முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். வேலை நாள்களில் மூச்சு இழுப்பதும் விடுமுறையில் தணிவதும் மருத்துவர்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளும் அடையாளம். எந்த நாளில், எந்த நேரத்தில், அலுவலகத்தின் எந்த இடத்தில் இருந்தபோது தொந்தரவு வந்தது என்று இரண்டு வாரத்துக்குக் குறித்து எடுத்துக்கொண்டு அவர் நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்க்கட்டும். உங்கள் அலுவலகத்தில் நார்த் தூசியும் உண்டு. தூண்டுவது பூசணமா, தூசியா, இரண்டுமா என்று மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

“நாற்பது பேரில் அவருக்கு மட்டும்தானே” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்களுக்கு முதலில் தெரியும், அவ்வளவுதான். மற்றவர்கள் மூக்கடைப்பையும் கண் அரிப்பையும் வறட்டு இருமலையும் சளி என்று நினைத்து விட்டிருப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் கட்டடங்களின் ஈரம், பூசணம் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரம் தங்கிய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொந்தரவும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதை அது தெளிவாகச் சொல்கிறது. காற்றில் இவ்வளவு பூசணம் இருக்கலாம், இதற்கு மேல் கூடாது என்று ஓர் அளவு சொல்ல முடியாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஈரத்தைத் தடுக்க வேண்டும் என்பதே அதன் பரிந்துரை.

காற்றுப் பரிசோதனை பற்றிய என் பதிலும் அதிலேயே இருக்கிறது. பூசண வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன, உங்கள் தென்னந்தோப்புக் காற்றிலும் இருக்கின்றன. எண்ணிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு கிடையாது. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது. அதுவே போதுமான சான்று. கறுப்பாக இருந்தால் விஷப் பூசணம் என்று பயமுறுத்தினாலும் நம்ப வேண்டாம். நிறத்தை வைத்து அதன் தன்மையைச் சொல்லிவிட முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதுதான். அந்தப் பணத்தை ஒரு நல்ல கொத்தனாருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் வைத்திருங்கள்.

இனி சுவருக்கு வருகிறேன். கொங்குப் பக்கம் வறண்ட பூமி, இங்கே ஓதம் அடிக்காது என்ற நம்பிக்கையில்தான் இங்குள்ள பெரும்பாலான கட்டடங்கள் கட்டப்படுகின்றன. ஈரோட்டுக்கும் கரூருக்கும் அது ஓரளவு பொருந்தும். பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து மேற்குச் சுவரில் அறைகிறது. மழையளவாகப் பார்த்தால் அது பெரிதாக இருக்காது. ஆனால் நாள் முழுக்க நனைகிற சுவர் காய்வதற்கு வெயில் கிடைப்பதில்லை. ஐப்பசி மழை கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இந்தச் சாரல் அப்படி விடாது. உங்கள் பூசணம் ஐப்பசிக்குக் காத்திராமல் ஆடியிலேயே வருகிறது என்பது, மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு இதில் பங்கு உண்டு என்று எனக்குச் சொல்கிறது.

அது ஒரு பங்குதான். இன்னொரு பங்கு உள்ளே தயாராகிறது. ஆடியில் வெளிக்காற்று 27 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் தண்ணீராகப் படியும். நீங்கள் ஏசியை 18-ல் வைக்கிறீர்கள். அதிலிருந்து வரும் காற்று அதைவிடக் குளிராக இருக்கும். அது நேராகப் படும் சுவர் இருபது டிகிரிக்கு வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறீர்கள். ஈரக் காற்று உள்ளே வந்து, குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் கண்ணாடியிலும் இரும்பு பீரோவின் முதுகிலும் படிகிறது. சனிக்கிழமை மாலை படிந்த ஈரம் திங்கட்கிழமை காலை வரை அப்படியே இருக்கிறது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்பது பொதுவான கணக்கு. உங்கள் அலுவலகம் வாரம்தோறும் அந்த அவகாசத்தின் பெரும்பகுதியை ஈரத்திலேயே கழிக்கிறது. திங்கட்கிழமை நாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்றிலிருந்தே இரண்டு பழக்கங்களை மாற்றுங்கள். ஏசியை 24 முதல் 26-க்குள் வையுங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. அது மின்சாரச் சிக்கனத்துக்காக வந்த விதி என்றாலும் நம் சுவர்களுக்கும் நல்லது. இரண்டாவது, சாரல் அடிக்கிற மாலைகளில் ஏசியை நிறுத்தியவுடன் ஜன்னலைத் திறக்காதீர்கள். நாற்பது பேருக்குப் புதுக்காற்று வேண்டும்தான். வெயில் ஏறிய நடுப்பகலில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். தை முதல் பங்குனி வரை எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம், அந்தக் காற்று சுவரை உலர்த்தும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. மீட்டிங் அறையில் ஒன்றும், மாதிரிப் பொருள்கள் வைத்திருக்கும் அறையில் ஒன்றும் மாட்டுங்கள். அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. காலை வந்ததும் ஒரு முறை, மாலை கிளம்பும்போது ஒரு முறை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஏசியைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஈரமான நாளில் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர்கூடப் பிழிந்து வெளியேற்றும். அந்தத் தண்ணீர் போகும் டிரெயின் பைப் வழியில் எங்காவது மேடாக இருந்தாலோ, உள் டிரேயில் பாசி அடைத்திருந்தாலோ, தண்ணீர் சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் இறங்கும். மெக்கானிக் வரும்போது ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டுப் போக விடாதீர்கள். டிரேயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது வெளியே வந்து விழுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். அடுத்தது, அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி. அது சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் கிடைக்காது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். இருக்கிற ஏசியை மாற்றச் சொல்லவில்லை. சாரல் நாள்களில் டிரை மோடில் ஓட்டினால் ஓரளவு சரியாகும்.

வால்பேப்பரைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் ஊரில் மழையில் நனையும் வெளிச்சுவரின் உட்புறத்தில் வினைல் ஒட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஈரம் வெளியிலிருந்து செங்கல் வழியாக, குளிரூட்டப்பட்ட அறையை நோக்கி நகர்கிறது. கடைசி அடியில் பிளாஸ்டிக் தடுப்பு நிற்கிறது. ஈரம் அதன் முதுகில் நின்றுவிடுகிறது. அங்கே இருட்டு இருக்கிறது, ஒட்டுவதற்குத் தடவிய பசை இருக்கிறது, காகிதம் இருக்கிறது. பூசணத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. அறையின் பக்கம் பூவேலைப்பாடு அழகாகவே இருக்கும். ஓரம் எழும்பும்போது பின்பக்கம் முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் சுவரில் அதுதான் நடந்திருக்கும். முழுவதையும் உரித்து எடுத்துவிடுங்கள். திரும்ப ஒட்ட வேண்டாம்.

உரிக்கும் வேலையைத் துப்புரவு அம்மாவிடம் சும்மா சொல்லிவிடாதீர்கள். வித்துகள் மிக அதிகமாகக் கிளம்புவது அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை, ஊழியர்கள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். அந்த அறையின் ஏசியை நிறுத்தி, அதன் முகத்தையும் வாசலையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஜன்னலை வெளிப்பக்கம் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும். செய்பவர்களுக்கு என்95 முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. வால்பேப்பரில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி உரித்து, அங்கேயே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவோ உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். அது ஒரு மூலையில் உறிஞ்சியதை அறை முழுக்க ஊதிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் அன்று அந்தத் தளத்திலேயே இருக்கக் கூடாது.

வால்பேப்பருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பரவியிருந்தால், இந்த வேலையில் பழக்கமுள்ள ஆட்களைக் கொண்டு செய்வதே நல்லது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பத்துச் சதுர அடி என்று ஓர் எல்லை சொல்கிறது, ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி. அதற்குள் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். மிஞ்சினால் கூடுதல் ஏற்பாடு வேண்டும்.

துடைப்பதற்கு டிடர்ஜென்ட் கரைத்த தண்ணீர் போதும். துடைத்ததும் முழுவதும் உலர்த்த வேண்டும், அதுதான் முக்கியம். பிளீச்சிங் பவுடரால் கறை வெளுத்துவிடும், சுவரின் துளைகளுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். செத்த பூசணமும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், கொல்வது அல்ல, அகற்றுவதே நம் வேலை. மருந்து அடிப்பவர்களை வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள்: கழிப்பறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் ஒருபோதும் சேரக் கூடாது. ஒரே வாளியில், ஒரே துணியில்கூடச் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஃபால்ஸ் சீலிங் பலகைகளில் கறையும் புள்ளியும் இருந்தால் துடைக்க முயலாமல் அந்தப் பலகைகளை மாற்றிவிடுங்கள். தகரம், கண்ணாடி, டைல்ஸ் ஆகியவற்றைத் துடைத்தால் போதும். பீரோக்களையும் கோப்பு அலமாரிகளையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மாதிரிப் பொருள்களை வைத்திருக்கும் அறையை நீங்கள் கேள்வியில் குறிப்பிடவில்லை. ஏற்றுமதி அலுவலகத்தில் அது இல்லாமல் இருக்காது என்பதால் சொல்கிறேன். தென்னை நாரும் நார்க்கழிவும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நார்க்கழிவுக் கட்டிகள் தண்ணீரைத் தம் எடையைப் போலப் பல மடங்கு பிடித்துவைக்கும் என்பதால்தான் உலகம் முழுக்க அவற்றைச் செடி வளர்க்க வாங்குகிறது. அதே குணம் அலுவலக அறையில் நமக்கு எதிராக வேலை செய்யும். மிதியடிகள், கயிறுகள், கட்டிகள் ஆகியவற்றைத் தரையில் அடுக்காமல் இடைவெளி உள்ள இரும்புத் தட்டுகளில் வையுங்கள். பழைய மாதிரிகளைக் கழித்துவிடுங்கள். ஈரப்பதமானி அந்த அறையில் விடாமல் அறுபதுக்கு மேலே காட்டினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கலாம். தண்ணீர்த் தொட்டியை நாள்தோறும் காலி செய்ய மறப்பார்கள், ஆகவே குழாய் வழியாக நேராக வெளியேறும்படி பொருத்துங்கள்.

இப்போது வெளிச்சுவர். வால்பேப்பரை எடுத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்கு அடியில் சுவரோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உங்கள் விஷயத்தில் இரண்டும் இருக்கும் என்பதே என் ஊகம். சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோலப் பூத்திருப்பதையெல்லாம் பூசணம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். நம் பக்கத்து உப்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கட்டிய சுவர்களில் உப்புப் பூப்பது சாதாரணம். கையுறை போட்ட விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு. அதுவும் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அடையாளம்தான். ஆனால் மூச்சைத் தொந்தரவு செய்யாது.

மழை இல்லாத ஒரு நாளில் கொத்தனாரோடு வெளியே நின்று நிதானமாகப் பாருங்கள். கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோல் விரிசல் ஓடுகிறதா? பூசும்போது அந்த இடத்தில் கோழிவலை வைக்காமல் விட்டால் விரிசல் வரும். சன்ஷேடின் அடி விளிம்பில், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிடுவதற்கான காடி இருக்கிறதா? ஜன்னலின் அடிக்கட்டை வெளியே சரிகிறதா, உள்ளே சரிகிறதா? ஏசியின் செம்புக் குழாய் போகும் ஓட்டை உட்புறம் தாழ்ந்திருந்தால் மழை அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். இது மிகவும் சாதாரணமாக நடப்பது, யாரும் பார்க்காததும்கூட. மேல்தளம் என்பதால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையையும், அது தளத்தைச் சேரும் மூலையையும் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஹோஸ் பைப்பால் சுவரை நனையுங்கள். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் பத்து இருபது நிமிடம் நிறுத்தி, மேலே போங்கள். உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா ஓட்டைக்குள்ளும் போகும், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

விரிசலை வெட்டி அடைப்பதும், வெளிப்பூச்சைச் சரிசெய்வதும், வாட்டர்ப்ரூஃப் பூசுவதும் மாசி, பங்குனியில் செய்ய வேண்டிய வேலைகள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் அது அறைப் பக்கம்தான் வெளியேறும். இந்த ஆடியில் அவசரத்துக்கு விரிசலில் சீலண்ட் அடைத்து, ஜன்னலுக்கு மேல் தகரத் தாழ்வாரம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். பழைய வீடுகளில் காப்புக் கட்டுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வளராது, சுவரும் ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் அப்படியல்ல, அடைத்துவிடும். வெளிச்சுவரைச் சரிசெய்த பிறகு, அந்தச் சுவரின் உட்புறத்துக்கு மட்டும் பட்டியையும் எமல்ஷனையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பதை உங்கள் முதலாளி யோசிக்கலாம். வெளியே ஒழுகும்போது சுண்ணாம்பாலும் காப்பாற்ற முடியாது.

கட்டட உரிமையாளர் சொல்வதில் பாதி சரி. ஏசி, வால்பேப்பர், ஜன்னல் பழக்கம் ஆகியவை உங்கள் பொறுப்பு. வெளிப்பூச்சும் மொட்டை மாடியும் கட்டடத்தின் குழாய்களும் அவருடையவை. உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பக்கம்தான் வைத்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சண்டையாக ஆரம்பிக்காமல், உங்கள் பக்கத்தில் செய்து முடித்தவற்றை எழுதி, தேதியிட்ட படங்களையும் ஈரப்பதக் குறிப்பையும் பிளாஸ்டிக் தாள் சோதனையின் முடிவையும் இணைத்துக் கடிதமாகக் கொடுங்கள். அந்தக் கொத்தனார் தரும் மதிப்பீட்டையும் சேர்த்துவிடுங்கள். கார்த்திகைக்குள் பேசி முடித்தால்தான் மாசியில் சாரம் கட்ட முடியும்.